டயானாவுக்கும் மகாராணிக்கும் இவர்கள் ஏன் இப்படி அழுகிறார்கள்?

கேள்வி: 10 செப்டம்பர் 2022

லண்டனுக்குப் படிக்க வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. வியாழக்கிழமை மாலை எலிசபெத் மகாராணி இறந்த செய்தி வந்ததும் பக்கிங்ஹாம் அரண்மனைப் பக்கம் போனேன். மழையில் நின்று அழுகிறார்கள். 96 வயதில் போனால் எங்கள் பக்கம் கல்யாணச் சாவு என்பார்கள். நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவருக்காக வருகிற இந்த அழுகை உண்மையா, இல்லை டிவி அழ வைக்கிறதா? 1997இல் இளவரசி டயானா இறந்தபோதும் இப்படித்தானா? அப்போது இங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று: திங்கட்கிழமை வேலைக்குப் போனால் மேனேஜரிடம் துக்கம் விசாரிக்க வேண்டுமா?

10 செப்டம்பர், இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தேவையில்லை தம்பி. அவர்களாகப் பேச்செடுத்தால் தலையாட்டினால் போதும். நான் 25 வருடத்துக்கு முன் நல்லபிள்ளையாக விசாரிக்கப் போய் மாட்டிக்கொண்டவன்.

1997 ஓகஸ்ட் 31, ஞாயிறு. வடமேற்கு லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் எனக்கு இரவு வேலை. எங்கள் இலங்கை ஆட்களில் பாதிப்பேர் அந்தக் காலத்தில் அங்கேதான் நின்றோம். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்துகொண்டு கீழ்த் துவாரத்தால் காசு வாங்குகிற வேலை. விடியப்புறம் வந்த பத்திரிகைக் கட்டில், பாரிஸில் விபத்து, டயானாவின் காதலர் டோடி இறந்துவிட்டார், டயானாவுக்குக் காயம் என்று போட்டிருந்தது. நான் அடுக்கி முடிக்குமுன் டயானாவும் போய்விட்டார் என்று வானொலி சொன்னது. ஒரு டாக்சிக்காரர் டீசல் அடித்துவிட்டுக் காசு கட்ட வராமல் வண்டிக்குள்ளேயே இருந்தார். ஓடப் பார்க்கிறார் என்று நினைத்து வண்டி நம்பரை எழுதி வைத்தேன். மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

வாசலில் வாளிக்குள் பூங்கொத்து விற்போம். ஒன்று 2 பவுண் 99 பென்ஸ். வழக்கமாக அதை வாங்குவது முதல்நாள் இரவு வீட்டில் சண்டை பிடித்த ஆண்கள். அன்று பத்து மணிக்கு வாளி காலி. அந்தக் கிழமை நாளுக்கு இரண்டு தரம் பூ லொறி வந்தது. கென்சிங்டன் மாளிகை வாசலில் நீங்கள் படத்தில் பார்க்கிற பூக்கடலில் என் கையால் விற்றதும் கொஞ்சம் இருக்கும். பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் வைத்தார்கள். அதனால்தான் படத்தில் பூவைவிட உறை கூட மினுங்குகிறது.

மனேஜர் ஓர் ஆங்கிலப் பெண்மணி, நாற்பத்தைந்து வயது இருக்கும். கணக்குப் புத்தகத்தின் மேல் தலையை வைத்து அழுதார். என்ன நடந்தது என்று விசாரித்தேன். ஒரு மணித்தியாலம் போனது.

எனக்கு அப்போது 24 வயது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. அந்த ஓகஸ்டில்தான் அம்மம்மா இறந்த கடிதமும் வந்தது. வன்னியில், இடம்பெயர்ந்து போயிருந்த இடத்தில் இறந்திருந்தார். கடிதம் என் கைக்கு வரும்போது அங்கே எட்டுச்செலவு முடிந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. வேலையிடத்தில் யாருக்கும் சொல்லவில்லை, ஒரு நாள் லீவும் எடுக்கவில்லை. அந்த வாயால்தான் டயானாவுக்காக நாள் முழுக்க வந்தவன் போனவனுக்கெல்லாம் ‘ஐ ஆம் சொறி’ சொல்லிக்கொண்டிருந்தேன். எரிச்சலாக இருந்தது. எரிச்சல் என்பது மரியாதைக்குச் சொல்கிற சொல்.

அன்றிலிருந்து என் கட்சி இதுதான்: ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் செத்தவீட்டை அழுகிறார்கள். ராசகுடும்பம் ஒரு சாட்டு.

செப்டம்பர் 6, சனிக்கிழமை, வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் பூசை முடிந்து டயானாவின் சவ வண்டி பின்ச்லி ரோட்டால் வடக்கே போனது. நானும் போனேன். கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

11 செப்டம்பர், காலை

மேலே ஒருவர் ‘டயானா இறந்தபோது ராணி அரண்மனைக் கொடியை அரைக் கம்பத்துக்கு இறக்க மறுத்தார்’ என்று எழுதியிருக்கிறார். பாதி சரி. இறக்குவதற்கு அங்கே கொடியே இருக்கவில்லை. பக்கிங்ஹாமில் அந்தக் காலத்தில் பறப்பது ராசகொடி ஒன்றுதான். அதுவும் ராணி உள்ளே இருந்தால் மட்டும். அவர் ஸ்கொட்லாந்தில், பல்மோரலில், தாயை இழந்த இரண்டு பேரப்பிள்ளைகளோடு இருந்தார். வில்லியமுக்கு 15, ஹரிக்கு 12. ராசகொடி எந்தச் சாவுக்கும் அரைக் கம்பத்தில் பறக்காது. ஒருவர் கண்ணை மூடிய நொடியே அடுத்தவர் அரசர் ஆகிவிடுகிறார், அதனால் அதற்குத் துக்கமில்லை.

விதி சரி. ஆனால் சனம் பார்த்தது வெறும் கம்பத்தை. ஊரெல்லாம் அரைக் கம்பம், செத்தவீட்டுக்காரர் வீட்டில் மட்டும் ஒன்றுமில்லை. ‘எங்களோடு சேர்ந்து அழு’ என்று பத்திரிகைகள் ஒரு கிழவியை வெருட்டின. வெள்ளிக்கிழமை அவர் லண்டனுக்கு வந்து நேரலையில் பேசினார். உங்கள் ராணியாகவும் ஒரு பாட்டியாகவும் பேசுகிறேன் என்றார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் சனக்கூட்டம் தெரிந்தது. யார் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு இன்றும் குழப்பம். அடுத்த நாள் அரண்மனை வாசலில் சவப்பெட்டிக்கு ராணி தலை குனிந்தார். அவர் அபேக்குப் புறப்பட்டதும் யூனியன் கொடி அரைக் கம்பத்தில் ஏறியது. இப்போது நீங்கள் பார்க்கிற அரைக் கம்பம் அந்தக் கிழமை போட்ட குட்டி.

11 செப்டம்பர், மதியம்

சிரிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காசு வாங்கும் இயந்திரத்தின் ‘பீப்’ சத்தத்தைத் துக்கத்துக்காகக் குறைத்திருக்கிறார்கள். வானிலை நிலையம் பதிவுகளைக் குறைத்துக்கொண்டதாம். மழைக்குத் தெரியாது போல, அது வழமைபோல வருகிறது.

1997இலும் இருந்தது. அஞ்சலிக் குவியலில் இருந்து கரடிப் பொம்மை எடுத்த உல்லாசப் பயணிகளுக்குச் சிறைத்தண்டனை கொடுத்தார்கள். பிறகு அதைத் தண்டப்பணமாக மாற்றினார்கள்.

12 செப்டம்பர்

‘இதெல்லாம் டிவி செய்கிற வேலை’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1817 நவம்பர் 6. டிவி இல்லை, வானொலி இல்லை, தந்திகூட இல்லை. இளவரசி சார்லட், அரசரின் பேத்தி, 21 வயது, முடிக்கு வரிசையில் இருந்தவர். பிள்ளை செத்துப் பிறந்தது, சில மணித்தியாலத்தில் தாயும் போனார். நாடே கறுப்பு உடுத்தது. துணிக்கடைகளில் கறுப்புத்துணி முடிந்துபோனது. ரிப்பன் நெய்கிறவர்கள் ‘கலர் ரிப்பன் விற்கவில்லை, துக்க காலத்தைக் குறையுங்கள்’ என்று மனுக் கொடுத்தார்கள். பிள்ளைப்பேறு பார்த்த வைத்தியர் அடுத்த வருடம் தன்னையே சுட்டுக்கொண்டார். அரசருக்கு வேறு வாரிசுப் பேரப்பிள்ளை இல்லாமல் போனதால் சித்தப்பன்மார் அவசரம் அவசரமாகக் கலியாணம் கட்டினார்கள். அதில் ஒருவருக்குப் பிறந்தவர்தான் பிறகு ராணியான விக்டோரியா.

சார்லட் இறந்த அடுத்த நாள் டார்பியில் மூன்று தொழிலாளிகளைத் தூக்கிலிட்டுத் தலையை வெட்டினார்கள். குற்றம், அரசுக்கு எதிரான கிளர்ச்சி. கவிஞர் ஷெல்லி அதைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினார்: இளவரசிக்கு அழுகிறீர்கள், சரி, இந்த மூன்று பேருக்கு யார் அழுவது? இந்த இழையில் நேற்று மூன்று பேர் கோபமாகக் கேட்டது அதே கேள்வி. 200 வருடப் பழசு. பழசு என்பதால் பிழை என்று சொல்லவில்லை.

இப்போது விக்டோரியா. 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்தார். அதற்குப் பிறகு அவர் கதவைச் சாத்திக்கொண்டார். 1901இல் சாகும்வரை கறுப்பு உடைதான். முதலில் எல்லோரும் பாவம் என்றார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பொறுமை போய்விட்டது. 1864இல் யாரோ ஒரு பகிடிக்காரன், முன்பு இருந்தவரின் வியாபாரம் படுத்துவிட்டதால் இந்தக் கட்டடம் வாடகைக்கோ விற்பனைக்கோ என்று அரண்மனை வேலியில் அறிவித்தல் கட்டிவிட்டான். முடியாட்சியே வேண்டாம் என்கிற கழகங்கள் முளைத்தன. 1871இல் மூத்த மகனுக்குத் தைபோயிட் வந்து சாவின் வாசல்வரை போய்த் திரும்பினார். அதோடு சனத்தின் மனம் இளகி, கழகங்களின் சத்தமும் அடங்கியது.

விக்டோரியா கூட அழுதார் என்று கோபம். எலிசபெத் குறைய அழுதார் என்று கோபம். ராசவீட்டுக்காரர் எவ்வளவு அழ வேண்டும் என்பதை எப்போதும் வெளியே நிற்கிற சனம்தான் தீர்மானிக்கிறது. எங்கள் செத்தவீடுகளிலும் ‘மூத்தவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை பார்த்தியோ’ என்று பின்வளவில் நின்று கதைப்பார்கள்தானே. இங்கே பின்வளவு கொஞ்சம் பெரிது.

13 செப்டம்பர்

எல்லோரும் அழுகிறார்கள் என்று யாரும் நினைத்துக்கொள்ளாதீர்கள். போன வருடம் ஏப்ரலில் ராணியின் கணவர் இளவரசர் பிலிப் இறந்தபோது பிபிசி வழமையான நிகழ்ச்சிகளைத் தூக்கிவிட்டு எல்லா அலைவரிசையிலும் அவரையே போட்டது. 1 லட்சத்து 9 ஆயிரத்துக்கு மேல் முறைப்பாடு போனது, பெரும்பாலும் ‘போதும்’ என்று. சமையல் போட்டியின் இறுதிச்சுற்றையும் அன்று தள்ளிப்போட்டார்கள். அதில் கை வைத்தால் ஆங்கிலேயர் பொறுப்பார்களா?

1997இலும் வாய்திறக்காமல் இருந்தவர்கள் நிறைய. எங்கள் கூண்டுக்கு வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, ‘இந்தச் சனத்துக்கு விசர்’ என்று குசுகுசுத்துவிட்டுப் போனவர்களை நானே கண்டிருக்கிறேன். அந்தக் கிழமை அதை உரத்துச் சொல்ல முடியாது. ஞாயிறு ஒக்ஸ்போர்ட்டில் புதிய அரசர் சார்ள்ஸை அறிவித்தபோது ‘யார் இவரைத் தேர்ந்தெடுத்தது?’ என்று கத்திய ஒருவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. நேற்றுப் பாராளுமன்றச் சதுக்கத்தில் வெறும் வெள்ளைத் தாளோடு நின்ற வழக்கறிஞரிடம் பேர், விலாசம் கேட்டிருக்கிறார்கள். வெற்றுக் கொடிக்கம்பத்துக்கு அன்று கோபம் வந்தது, வெற்றுத் தாளுக்கு இன்று.

‘எங்களை ஆண்டு கொள்ளையடித்தவர்களுக்கு நாங்கள் ஏன் அழ வேண்டும்’ என்று கேட்டவருக்கு: அழ வேண்டாம். யாரும் கேட்கவில்லை. 1972 வரை இலங்கைக்கும் இவர்தான் ராணி. அம்மம்மாவின் கொட்டைப்பெட்டிக்குள் இவருடைய தலை போட்ட இரண்டு சதக் காசு ஒன்று கிடந்தது. வெற்றிலை வாசத்தோடுதான் இந்த முகத்தை நான் முதலில் பார்த்தேன். அவ்வளவுதான் உறவு.

14 செப்டம்பர்

என் மனுசிக்கு, அதாவது மனைவிக்கு, ராணியின் பெட்டியை அஞ்சலிக்கு வைக்கிற வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குப் போக வேண்டுமாம். வரிசை பத்து மைல் வரை போகலாம் என்று அரசாங்கமே சொல்கிறது. ‘நீங்கள் உங்கள் இழையில் எழுதிக்கொண்டிருங்கோ, நான் தனியப் போறன்’ என்றார். இந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று கலியாணம் கட்டியவர்களுக்குத் தெரியும்.

16 செப்டம்பர், மத்தியானம்தான் எழும்பினேன்

நேற்று இரண்டு மணிக்கு பெர்மண்ட்சியில் சேர்ந்தோம். கையில் நம்பர் போட்ட பட்டி கட்டினார்கள். அதுதான் சங்கதி: பட்டி இருந்தால் கழிவறைக்குப் போய்விட்டு அதே இடத்துக்கு வரலாம். முன்னால் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பின்னால் இரண்டு தாதிகள். ஐந்தாவது மணித்தியாலத்தில் மூன்று பேரும் எங்கள் மனுசியின் மிளகாய் ரோலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தபால்காரருக்கு மட்டும் கண்ணால் தண்ணீர் வந்தது, அது துக்கத்தால் அல்ல. சோகம் என்று ஒன்றையும் வரிசையில் நான் காணவில்லை. தேர்த் திருவிழாவுக்கு நடந்து போகிற சனம் மாதிரி இருந்தது.

லம்பெத் பாலத்துக்குக் கிட்ட ஆற்றங்கரையில் கோவிட் நினைவுச் சுவர் இருக்கிறது. ஒரு சாவுக்கு ஒரு சிவப்பு இதயம் என்று மதில் முழுக்க வரைந்திருக்கிறார்கள். வரிசை அதை ஒட்டித்தான் போனது. அதுவரை பகிடி விட்டுக்கொண்டு வந்த தாதிகள் அங்கே வாயை மூடிக்கொண்டார்கள். மனுசி மதிலைத் தடவிக்கொண்டே நடந்தார்.

அவருடைய அம்மா 2021 தை மாதம் ரொறன்ரோவில் இறந்தார். நாங்கள் சூமில் பார்த்தோம். இடையில் இணைப்பு அறுந்து, திரும்ப வரும்போது மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அதே வருடம் ஏப்ரலில் பிலிப்பின் இறுதிச் சடங்கில் 30 பேர்தான் அனுமதி. ராணி முகக்கவசத்தோடு தனியாக ஒரு வாங்கில் இருந்தார். அதற்கு முதல்நாள் இரவு பிரதமர் அலுவலகத்தில் குடியும் கூத்தும் நடந்தது என்று பிறகு வெளிவந்தது. மனுசி நேற்றுச் சொன்னது இவ்வளவுதான்: ‘அந்த மனுசி சட்டத்தை மதிச்சுத் தனிய இருந்தா. நான் ஒருக்காப் போய்க் கும்பிட்டிட்டு வந்தால் என்ன?’

நள்ளிரவுக்குக் கிட்ட உள்ளே போனோம். விமான நிலையம் போலச் சோதனை. மிஞ்சிய ரோல் எல்லாம் வாசலோடு போனது. உள்ளே சத்தமே இல்லை. கம்பால் தரையில் ஒரு தட்டுக் கேட்டது, காவலர் மாறினார்கள். பெட்டியின் மேல் ராசகொடி, அதன் மேல் கிரீடம். சிலர் தலை குனிந்தார்கள், சிலர் சிலுவைக் குறி போட்டார்கள், மனுசி கைகூப்பினார். பெட்டிக்கு முன்னால் எனக்கு எத்தனை வினாடி கிடைத்தது என்று கேட்டால், ஐந்து. பத்து மணித்தியால நடைக்கு ஐந்து வினாடி. கோயிலில் சில நாள் அதுவும் கிடைக்காது.

இதை எழுதும்போது கால்பந்து வீரர் பெக்கம் வரிசையில் நிற்கிறார் என்று செய்தி. ஒரு நாள் பிந்திப் போயிருக்கலாம் என்று இப்போது மகன் எங்களோடு கோபம்.

18 செப்டம்பர்

10ஆம் தேதி நான் எழுதியதில் பெரிய திருத்தம் ஒன்று.

அந்தப் பழைய மனேஜர் இன்னும் தொடர்பில் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது. நேற்றுத் தொலைபேசியில் கதைக்கும்போது என் தத்துவத்தைப் பெருமையாகச் சொன்னேன்: நீங்கள் அன்று டயானாவுக்கு அழவில்லை, உங்களுடைய யாருக்கோ அழுதீர்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ‘என்னுடைய ஆட்களுக்கு நான் தனித்தனியாக அழுது முடித்துவிட்டேன். அன்று டயானாவுக்குத்தான் அழுதேன். அது யாருக்கு என்று எனக்குச் சொல்லித்தர நீ யார்?’

பிறகு தான் சொன்னார். அவருடைய தம்பி 1989இல் எயிட்ஸால் இறந்தவர். நோய் தெரிந்த பிறகு சொந்தக்காரர் அவர் குடித்த கோப்பையைக் கழுவாமல் எறிந்தார்களாம். 1987 ஏப்ரலில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எயிட்ஸ் நோயாளிகளுக்கென்று தனி வார்டு திறந்தபோது டயானா கையுறை இல்லாமல் ஒரு நோயாளியின் கையைப் பிடித்தார். படத்தில் அந்த மனிதரின் முகம் தெரியாது. தெரிந்தால் வெளியே தலைகாட்ட முடியாத காலம். ‘அந்தப் படம் வந்த கிழமை எங்கள் அம்மா தம்பியின் தோளில் கை போட்டாள். டயானா எனக்குத் தெரியாதவள் என்கிறாயா?’ என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெற்றோல் நிலையத்தில் அவரோடு நாலு வருடம் வேலை செய்தேன். தம்பி என்று ஒருவர் இருந்ததே தெரியாது. அம்மம்மாவைப் பற்றி அவருக்கும் தெரியாது. நேற்றுத்தான் சொன்னேன்.

ஆகவே ‘ராசகுடும்பம் ஒரு சாட்டு’ என்ற வசனத்தை வாபஸ் வாங்குகிறேன். முழுதாக அல்ல, முக்கால்வாசி. அந்த டாக்சிக்காரர் ஏன் அழுதார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அவருடைய வண்டி நம்பரை மட்டும்தான் எழுதினேன்.

20 செப்டம்பர்

நேற்று ராணியின் இறுதிச் சடங்கு, நாள் முழுக்க டிவிக்கு முன்னால். 142 கடற்படையினர் வண்டியை இழுத்துப் போனது, அபே, குதிரைகள் எல்லாம் கண்காட்சி போலப் போனது. வின்ட்சரில் பெட்டியின் மேலிருந்து செங்கோலையும் உருண்டையையும் கிரீடத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பீடத்தில் வைத்தார்கள். அவை இல்லாத பெட்டி மிஞ்சியது. அந்த இடத்தில் வீட்டில் யாரும் கதைக்கவில்லை. தாலி கழற்றுகிற நேரம் மாதிரி என்று மனுசி சொன்னார்.

பிறகு அவர் இந்த இழையை முதலில் இருந்து வாசித்தார். வாசித்துவிட்டு, ‘பின்ச்லி ரோட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றீங்களோ? எனக்கு வேற மாதிரியெல்லோ சொன்னனீங்கள்’ என்றார்.

சரி. 1997இல் அன்று வேலை முடிந்து போகும்போது மனேஜர் வாளியில் மிஞ்சிக் கிடந்த ஒரு கொத்தைக் கையில் தந்துவிட்டார். ஓரம் கறுத்த கார்னேஷன். அதோடுதான் போனேன். சவ வண்டி வந்தபோது சனம் கை தட்டியது, செத்தவீட்டில் கைதட்டலை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். பூக்கள் கண்ணாடியில் விழுந்து விழுந்து ஓட்டுநருக்குப் பாதை தெரியவில்லை. அவற்றை அகற்றப் பிறகு வழியில் நிறுத்த வேண்டி வந்தது. நானும் எறிந்தேன். வண்டியில் படவில்லை, பின்னால் வந்த பொலிஸ் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் விழுந்தது.

அம்மம்மாவை நினைத்து எறிந்தேன் என்று எழுதினால் என் பழைய கட்சிக்கு நன்றாகப் பொருந்தும். அப்படி ஒன்றும் இல்லை. வண்டி வந்தது, எல்லோரும் எறிந்தார்கள், எறிந்தேன்.

19 மே 2023

பழைய இழையைத் தோண்டி எடுப்பதற்கு மன்னிக்கவும். ராணியின் இறுதிச் சடங்குக்கு அரசாங்கம் செலவழித்த கணக்கு வந்திருக்கிறது: 161.7 மில்லியன் பவுண். இதில் 73 மில்லியனுக்கு மேல் உள்துறை அமைச்சின் பக்கம். ‘மக்கள் வரிப்பணம்’ என்று இங்கே முன்பு சண்டை பிடித்தவர்களுக்கு வசதியாக நாட்டின் 67 மில்லியன் சனத்தால் பிரித்துப் பார்த்தேன். ஆளுக்கு 2 பவுண் 41 பென்ஸ் வருகிறது.

எங்கள் பூங்கொத்து 2.99. அதுவும் 1997 விலை.